அலையாத்தி ஃபிஞ்ச்: கலாபகோஸ் தேசியப் பூங்காவில் 30 ஹெக்டேருக்குள் ஒடுங்கிய பறவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலாபகோஸ் தீவுகள் என்றதும் டார்வின், ஆமை, அலகு மாறிய குருவிகள் என்று பள்ளிப் பாடம் நினைவுக்கு வரும். அந்தக் குருவிகளில் ஒன்று இன்று விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது என்று சொன்னதும் கேள்விகள் தொடங்கிவிடுகின்றன. பறவை நோக்கும் நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன்.

இது எந்தப் பறவை? தமிழில் இதற்குப் பெயர் உண்டா?

நிலைபெற்ற தமிழ்ப் பெயர் எதுவும் கிடையாது. ஆங்கிலப் பெயரை ஒட்டி ‘அலையாத்தி ஃபிஞ்ச்’ என்று எழுதுகிறேன். அலையாத்திக் காட்டை விட்டு வெளியே வாழாத பறவை என்பதால் பெயர் பொருந்துகிறது. அறிவியல் பெயர் காமரிங்கஸ் ஹீலியோபேட்டிஸ். ‘ஹீலியோ’ என்றதும் சூரியன் என்று பலர் பொருள் சொல்லிவிடுகிறார்கள். இங்கே இருப்பது ‘ஹெலோஸ்’, அதாவது சதுப்பு. சதுப்பில் நடப்பது என்பதே பெயரின் பொருள்.

பார்ப்பதற்குக் கவர்ச்சியான பறவை அல்ல. நீளம் ஏறத்தாழ 14 செ.மீ., எடை சுமார் 18 கிராம். நம் ஊர்ச் சிட்டுக்குருவியைவிடச் சற்று இளைத்த உடல். மேலே ஆலிவ் கலந்த பழுப்பு, கீழே வெளிறிய நிறம், மார்பில் மங்கலான கோடுகள், நீண்டு கூர்ந்த அலகு. வயது கூடக்கூட ஆணின் தலை கறுக்கும்.

ஃபிஞ்ச் என்கிறீர்களே, இது உண்மையில் ஃபிஞ்ச் தானா?

இல்லை. ‘டார்வின் ஃபிஞ்சுகள்’ என்று அழைக்கப்படும் எல்லாப் பறவைகளும் தென் அமெரிக்காவின் டானேஜர் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருக்கும் உண்மையான ஃபிஞ்சுகளோடு அவற்றுக்கு நெருங்கிய உறவு இல்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனிப் பிரிக்க முடியாது. வகைப்பாட்டைப் பொறுத்து இந்தக் கூட்டத்தில் 17 அல்லது 18 இனங்கள் என்பார்கள். அவற்றில் ஒன்று மட்டும் கோஸ்டாரிகாவுக்குச் சொந்தமான கோகோஸ் தீவில் இருக்கிறது, மற்றவை எல்லாம் கலாபகோஸில்.

இப்போது எங்கே இருக்கிறது?

ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது கலாபகோஸ். அங்குள்ள தீவுகளில் மிகப் பெரியது இசபெலா. அதன் வடமேற்குக் கரையில், டார்வின் எரிமலையின் அடிவாரத்தில், கறுத்த எரிமலைப் பாறைகளுக்கும் கடலுக்கும் நடுவே சிறு சிறு அலையாத்தித் திட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு: பிளாயா தொர்துகா நெக்ரா, காலெத்தா பிளாக். இந்த இனம் குஞ்சு பொரித்து வாழும் இடங்கள் உலகத்தில் இவை மட்டுமே.

இரண்டையும் சேர்த்தால் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவே 270 ஹெக்டேர். அதில் ஒன்பதில் ஒரு பங்கு இடத்தில் ஒரு முழு இனத்தின் பிறப்பும் சாவும் நடக்கின்றன. வேளச்சேரி சாலையில் பஸ்ஸில் போகும்போது கிண்டிக் காட்டின் வேலி எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதைக் கவனித்தவர்களுக்கு இந்த அளவின் பொருள் புரியும்.

டார்வின் இதைப் பார்த்தாரா?

பார்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், மிக அருகில் வந்து போயிருக்கிறார். 1835இல் பீகிள் கப்பல் இசபெலாவின் மேற்குக் கரையில், இன்று டேகஸ் கோவ் எனப்படும் குடாவில் நங்கூரமிட்டது. இன்று அவர் பெயர் தாங்கிய அந்த எரிமலையின் அடிவாரம்தான் அதுவும். அவர் அங்கே இறங்கி நடந்தார், உப்பு ஏரியைக் கண்டார், தாகத்தில் தவித்தார். அலையாத்திக் காட்டுக்குள் அவர் போகவில்லை.

அறிவியலுக்கு இந்தப் பறவை தெரியவர மேலும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1898–99இல் கலாபகோஸ் சென்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்னாட்கிராஸ், எட்மண்ட் ஹெல்லர் என்ற இருவர் 1901இல் இதைத் தனி இனமாக விவரித்தார்கள். பாடப்புத்தகப் படங்களில் வரிசையாக நிற்கும் அலகுகளில் இதன் அலகு பெரும்பாலும் இடம்பெறாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கலாபகோஸ் கரையெங்கும் அலையாத்தி மரங்கள் இருக்கின்றனவே, இந்த இரண்டு திட்டுகள் மட்டும் ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பதில் மரத்தில் இல்லை, மரத்தடியில் இருக்கிறது.

பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் அலையாத்திக் காட்டின் தரையை நினைத்துப் பாருங்கள். ஓதம் ஏறும், வடியும், உதிர்ந்த இலையை நீர் அள்ளிக்கொண்டு போய்விடும். பெரும்பாலான அலையாத்திக் காடுகள் இப்படித்தான். பிளாயா தொர்துகா நெக்ராவில் காட்டுக்கும் கடலுக்கும் இடையே மணல்மேடு ஒன்று கரையாக நிற்கிறது. அலை நேரே உள்ளே புகுந்து தரையைக் கழுவுவதில்லை. விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடக்கிறது, மட்குகிறது, அடுக்கடுக்காகச் சேர்கிறது. செத்த கிளைகளும் அங்கேயே கிடந்து உளுக்கின்றன. உளுத்த கட்டைக்குள் வண்டுப் புழு, இலைச் சருகுக்கு அடியில் சிலந்தியும் பூச்சியும். பறவையின் அடுக்களையே அந்தச் சருகுமெத்தைதான்.

மரங்களும் உயரமானவை, சில 20 மீட்டர் வரை. நம் அலையாத்தியின் பேரினத்தைச் சேர்ந்த கறுப்பு அலையாத்தி, சுரபுன்னையின் பேரினத்தைச் சேர்ந்த சிவப்பு அலையாத்தி, அவற்றோடு வெள்ளை அலையாத்தி என மூன்று வகை கலந்த காடு. கரையோரமாக ஒற்றை வரிசையில் சுரபுன்னை மட்டும் நிற்கும் இடங்களில் இந்தப் பறவைக்கு வேலை இல்லை. வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் இதன் வீடு ஆகிவிடாது.

முன்பும் இங்கே மட்டும்தான் இருந்ததா?

இல்லை. இசபெலாவின் வேறு கரைகளிலும், எதிரே இருக்கும் ஃபெர்னாண்டினா தீவிலும் இருந்தது. ஃபெர்னாண்டினாவில் 1970களுக்குப் பிறகு யாரும் காணவில்லை. இதில் ஒரு புதிர் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த பாலூட்டி எதுவுமே குடியேறாத தீவு அது. கப்பலில் வந்த எலியும் இல்லை, பூனையும் இல்லை. அங்கேயே மறைந்துவிட்டது என்றால் எலியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. சின்னத் திட்டுகளில் சின்னக் கூட்டமாக வாழும் எந்த உயிருக்கும் ஒன்றிரண்டு கெட்ட ஆண்டுகளே போதும்.

என்ன சாப்பிடும்? குச்சியைக் கருவியாகப் பிடிக்கும் பறவை இதுதானா?

பூச்சி, புழு, சிலந்தி. பட்டையை உரித்தும், உளுத்த கட்டையைக் கிளறியும், சருகைப் புரட்டியும் இரை தேடும். கருவி பிடிப்பதில் பெயர் பெற்றது இதன் நெருங்கிய உறவான மரங்கொத்தி ஃபிஞ்ச். கள்ளி முள்ளையோ குச்சியையோ அலகில் கவ்விப் பொந்துக்குள் விட்டுப் புழுவை வெளியே தள்ளும். அலையாத்தி ஃபிஞ்சும் அபூர்வமாக அப்படிச் செய்வது பதிவாகியிருக்கிறது. ஆனால் அதற்கு அவ்வளவு தேவை இருப்பதில்லை.

எலிகளால் என்ன பிரச்சினை?

கப்பல்களோடு வந்த கருப்பெலி மரமேறுவதில் கைதேர்ந்தது. கூட்டில் இருக்கும் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். 2007 முதல் இந்த இரண்டு திட்டுகளிலும் நிரந்தரமாக நஞ்சு வைக்கும் பெட்டிகளை நிறுவி எலிகளைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். இசபெலா முழுவதும் எலியை ஒழிப்பது இன்றைய நிலையில் நடக்கிற காரியம் அல்ல. ஆகவே பெட்டிகளை ஆண்டு முழுவதும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் எலி திரும்ப வரும். மிகச் சலிப்பான வேலை, ஆனால் முதலில் பயன் தந்ததும் அந்த வேலைதான்.

ஓர் ஈ குஞ்சுகளைக் கொல்கிறது என்கிறார்களே, ஈ எப்படிக் கொல்லும்?

எலி குறைந்த பிறகுதான் இந்த எதிரியின் முழு அளவு தெரிந்தது. பெயர் ஃபிலோர்னிஸ் டவுன்சி. தென் அமெரிக்கப் பெருநிலப்பகுதியிலும் டிரினிடாடிலும் இயல்பாக வாழும் ஈ. கலாபகோஸ் பறவைக் கூடுகளில் இதன் புழுக்களை 1997இல்தான் ஆய்வாளர்கள் கண்டார்கள். பிறகு பழைய பூச்சித் தொகுப்புகளைத் துழாவியபோது 1964இல் பிடித்த ஈக்களே பெட்டியில் இருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் வேலையை நடத்திக்கொண்டிருந்திருக்கிறது.

வளர்ந்த ஈ சாதுவானது. பழச்சாறு போன்றவற்றை உறிஞ்சி வாழும். தாய்ப் பறவை கூட்டை விட்டு நகர்ந்த நேரம் பார்த்துப் பெண் ஈ உள்ளே புகுந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பொரித்த சின்னஞ்சிறு புழுக்கள் குஞ்சின் மூக்குத் துளைக்குள் ஏறிக்கொள்ளும். சற்று வளர்ந்ததும் இறங்கிக் கூட்டின் அடித்தளத்துக்குள் பதுங்கும். பகலில் தெரியாது. இரவானதும் மேலே வந்து, கண் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சின் தோலைக் கீறி இரத்தம் குடிக்கும். ஒரே கூட்டில் பத்துக்கணக்கில் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாத குஞ்சுக்கு எவ்வளவு இரத்தம் இருக்கும்?

பிழைத்து வளர்ந்த பறவையிலும் தடயம் மிஞ்சுகிறது. புழு குடியிருந்த மூக்குத் துளை அகன்று, அலகின் மேல் பெரிய ஓட்டையாக ஆயுள் முழுக்க நிற்கும். வளர்ந்த ஃபிஞ்ச் ஒன்றைக் கையில் பிடித்து அலகைப் பார்த்தாலே அதன் குழந்தைப் பருவம் எப்படிக் கழிந்தது என்று சொல்லிவிடலாம்.

அந்த ஈக்கு மருந்து இல்லையா?

தீவு முழுவதும் ஈயை ஒழிக்க இன்று வழி இல்லை. கூடு கூடாகப் போராடத்தான் முடிகிறது. கயிறு கட்டி மரமேறி, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை ஊசிக் குழாயால் கூட்டின் அடித்தளத்தில் செலுத்துகிறார்கள். தலைப்பேனுக்கு மனிதர்கள் போட்டுக்கொள்ளும் மருந்துகளிலும் இது இருக்கிறது. பறவைக்குக் கெடுதல் இல்லாத சிறு அளவே புழுவுக்குப் போதும்.

கலாபகோஸின் இன்னொரு தீவான சாந்தா குரூஸில் வேறொரு யோசனையைச் சோதித்தார்கள். மருந்தில் நனைத்த பஞ்சைக் கம்பிக் கூண்டுகளில் வைத்தார்கள். ஃபிஞ்சுகள் தாமாகவே பஞ்சைப் பிய்த்துக்கொண்டுபோய்க் கூட்டில் செருகின. ஒரு கூட்டில் ஒரு கிராம் பஞ்சு சேர்ந்தாலே புழுக்கள் இல்லாமல் போயின. 2014இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நாம் வேப்பிலையைத் தானியக் குதிரில் போடுகிறோம். அதைப் போன்ற ஒன்றைப் பறவையையே செய்ய வைத்திருக்கிறார்கள்.

நெடுநாள் தீர்வாக, இந்த ஈயை மட்டுமே தாக்கும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றை ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்த பூச்சியால் பட்ட தீவில் இன்னொரு வெளிப்பூச்சியை அவிழ்த்துவிட யாரும் அவசரப்பட முடியாது. அவசரப்படவும் கூடாது.

முட்டைகளை எடுத்துக்கொண்டுபோய் வளர்த்தார்களாமே? அது தவறில்லையா?

முதலில் கேட்டபோது எனக்கும் உறுத்தியது. கணக்கைப் பார்த்த பிறகு மனம் மாறினேன்.

இந்தப் பறவை மழைக்காலத்தில், ஆண்டின் தொடக்கம் முதல் மே மாதம் வரை இனப்பெருக்கம் செய்கிறது. பருவத்தின் முதல் கூடுகளில் பொரிக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் ஈக்கு இரையாகிவிடுகின்றன. முட்டை காணாமல் போனால் சோடி ஓய்ந்துவிடாது, விரைவில் மறுபடி கூடு கட்டி முட்டையிடும். அப்படியானால், எப்படியும் சாகப்போகும் முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து வெளியே பொரிக்க வைத்தால் அந்தக் குஞ்சுகள் பிழைக்கும். சோடியும் மறு ஈடு இடும். இருப்பதைக் குறைக்காமல் கூட்டும் வழி இது.

2014இல் சார்லஸ் டார்வின் அறக்கட்டளையும் கலாபகோஸ் தேசியப் பூங்கா இயக்ககமும், அமெரிக்காவின் சான் டியேகோ உயிரியல் பூங்கா முதலிய அமைப்புகளோடு சேர்ந்து இதைத் தொடங்கின. உயர்ந்த மரங்களிலிருந்து இறக்கிய முட்டைகள், சூடு மாறாத அடைகாப்புப் பெட்டியில் சாந்தா குரூஸ் தீவில் புவெர்த்தோ அயோரா ஊரிலுள்ள ஆய்வு நிலையத்துக்குப் பயணமாயின. அங்கே தனிமைப்படுத்திய அறையில், ஈ புக வழியில்லாமல் பொரிக்க வைத்தார்கள். குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு 15 முறை ஊட்டினார்கள். சாப்பாடு என்ன தெரியுமா? கிளறிய கோழிமுட்டை, குளவிப் புழு, அந்துப்பூச்சித் துண்டு, பப்பாளி. இடுக்கி நுனியில் ஒரு துளி. விடியலில் தொடங்கினால் இருட்டும்வரை வேறு வேலை பார்க்க முடியாது. கைக்குழந்தை வளர்த்த எந்த அம்மாவும் இந்த அட்டவணையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

வளர்ந்ததும் மறுபடி பிளாயா தொர்துகா நெக்ராவுக்கே கொண்டுபோய், காட்டுக்குள் கட்டிய பெரிய கூண்டுகளில் சில வாரங்கள் பழக்கி, மிகச் சிறிய வானொலிக் கருவியை வாலில் பொருத்தித் திறந்துவிட்டார்கள். முதல் ஆண்டு காட்டுக்குத் திரும்பியவை 15. சோடிகளே இருபது அளவில் இருக்கும் ஓர் இனத்துக்கு ஒரே பருவத்தில் 15 இளம் பறவைகள் என்பது பெரிய தொகை. அடுத்த ஆண்டுகளிலும் இதைத் தொடர்ந்தார்கள். பின்னர் கவனம் காட்டிலேயே கூடுகளுக்கு மருந்து செலுத்துவதன் பக்கம் திரும்பியது.

வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டு இன்னொரு கூட்டத்தை உருவாக்கக் கூடாதா?

முயன்று பார்த்தார்கள். 2010இல் ஒன்பது பறவைகளைப் பிடித்துத் தெற்கே இருக்கும் உர்பினா குடாவின் அலையாத்தியில் விட்டார்கள். எரிமலைப் பாறை வெளிகளைத் தாண்டிச் சில பறவைகள் பழைய காட்டுக்கே பறந்து வந்துவிட்டன. பிறந்த மண்ணை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் உயிரை என்ன செய்வது? கையால் வளர்த்த இளம் பறவைகளுக்கு அந்தப் பிடிப்பு குறைவாக இருக்கலாம் என்ற எண்ணமும் முட்டை எடுக்கும் திட்டத்துக்குப் பின்னால் இருந்தது.

இன்னோர் இடம் வேண்டும் என்பதற்கு அதே உர்பினா குடாவே சாட்சி. 1954இல் அந்தக் கடலடி திடீரெனச் சுமார் ஐந்து மீட்டர் மேலெழுந்தது. பவளப்பாறைகள் கரையில் காய்ந்து கிடந்தன, இன்றும் சுற்றுலாப் பயணிகள் அவற்றின் மேல் நடக்கிறார்கள். எரிமலைகள் உயிரோடு இருக்கும் தீவு அது. இன்னொரு முறை அப்படி ஒன்று, வடக்கே சற்றுத் தள்ளி நடந்தால்?

மொத்தம் எத்தனை பறவைகள்? எப்படி எண்ணுகிறார்கள்?

சுமார் 100 என்பதே பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவற்றில் இனப்பெருக்கம் செய்யும் சோடிகள் 20 அளவில். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ‘மிகவும் அருகிவிட்ட இனம்’ என்ற கட்டத்தில் இருக்கிறது. பறவைகளின் காலில் வண்ண வளையங்கள் இட்டு, எந்த ஆண் எந்த எல்லையில் பாடுகிறது, எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று பருவம் முழுவதும் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கிக் குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் கரையில் குடிநீர் கிடையாது. குடிப்பது முதல் சமைப்பது வரை படகில்தான் வர வேண்டும்.

தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறதே, அதுவே பாதுகாப்பு இல்லையா?

கலாபகோஸ் தேசியப் பூங்கா 1959இல் அமைந்தது. தீவுகளின் நிலப்பரப்பில் 97 சதவீதம் அதற்குள் அடக்கம். 1978இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. காகிதத்தில் இதைவிட வலுவான பாதுகாப்பு கேட்க முடியாது. அந்தக் காட்டில் யாரும் மரம் வெட்டவில்லை, வேட்டையாடவில்லை, விடுதி கட்டவில்லை. ஆனாலும் பறவை குறைந்தது. எலிக்கும் ஈக்கும் எல்லைக்கல் தெரியாது. வேலி போட்டுவிட்டால் இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எனக்கும் முன்பு இருந்தது. ஓர் ஆள் மரமேறி ஊசி போடாவிட்டால் அந்த ஆண்டுக் குஞ்சு பிழைக்காது என்ற நிலையில் இருக்கும் காட்டைப் பற்றிப் படித்த பிறகு அப்படிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஒரு சின்னக் குருவிக்கு இவ்வளவு செலவு தேவையா?

ஈயையும் எலியையும் அங்கே கொண்டுவந்தது குருவி அல்ல.

நான் கலாபகோஸ் போனால் இதைப் பார்க்க முடியுமா?

முடியாது. இந்த இரண்டு திட்டுகளும் பயணிகள் இறங்கும் இடங்கள் அல்ல. ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சாந்தா குரூஸ் தீவின் வடகரையில் ‘காலெத்தா தொர்துகா நெக்ரா’ என்று ஒரு குடா இருக்கிறது. படகில் சுற்றிக் காட்டுவார்கள். அலையாத்தி, கடலாமை, சுறாக்குட்டி எல்லாம் பார்க்கலாம், அழகான இடம். ஆனால் நம் பறவை இருப்பது இசபெலாவின் ‘பிளாயா தொர்துகா நெக்ரா’வில். பெயரை நம்பி அங்கே தொலைநோக்கியோடு தேடினால் கழுத்துவலிதான் மிஞ்சும்.

மற்ற டார்வின் ஃபிஞ்சுகளைப் பார்க்க அலையவே வேண்டாம். புவெர்த்தோ அயோராவில் தேநீர் மேசைக்கே தரை ஃபிஞ்சுகள் வந்து ரொட்டித் துணுக்கு பொறுக்கும். போடாதீர்கள், விதி இருக்கிறது. காட்டுயிர்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பூங்காப் பகுதிக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 2024 ஆகஸ்டு முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்திருக்கிறது.

பையில் பழம் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். விமானம் இறங்குவதற்கு முன் பணியாளர்கள் தலைக்கு மேலுள்ள சாமான் அறைகளை வரிசையாகத் திறந்து பூச்சிமருந்து தெளித்துக்கொண்டு வருவார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எதற்கு இதெல்லாம் என்று முணுமுணுத்தால், ஃபிலோர்னிஸ் டவுன்சி என்று சொல்லுங்கள்.